உரலக்காவும் முள்செடியும்

ஆய்வகத்தில் அவளுக்கு உரலக்கா என்று பெயர். வைத்தது யாரென்று இப்போது யாருக்கும் நினைவில்லை. வைத்தவர் வேலையை விட்டுப் போயிருக்கலாம், பெயர் மட்டும் போகவில்லை. நாள் முழுக்க வெள்ளைப் பீங்கான் உரலில் இலையை இடித்துக்கொண்டிருப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதலில் மேடம் என்பார்கள், பிறகு அக்கா என்பார்கள், முதல் சம்பளம் வாங்குவதற்குள் உரலக்கா என்று ஆரம்பித்துவிடுவார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை. கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

தெம்பு அவளிடம் எப்போதோ தீர்ந்துபோன சரக்கு. இடித்து இடித்து வலது தோள்பட்டை தேய்ந்திருந்தது. முழங்கால் படியேறும்போது ஒன்று சொல்லும், இறங்கும்போது வேறொன்று சொல்லும். காலையில் கண் விழிக்கும்போதே அன்றைய அசதியில் பாதி வந்து உட்கார்ந்திருக்கும். மீதிப் பாதி இரண்டு பேருந்து மாறி வேலைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஏறிக்கொள்ளும். எப்படி இருக்கீங்க என்று யாராவது கேட்டால், ஏதோ ஓடுது என்பாள். ஓடுவது எதுவோ தெரியாது. அவள் நிச்சயமாக ஓடவில்லை.

சில வருஷங்களாக அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது ஒரு முள்செடி. ஆய்வகத்தின் பின்பக்கம், கொதிகலன் அறையைத் தாண்டி, மிதிவண்டிக் கொட்டகையை ஒட்டினாற்போல அந்தச் செடிகள் வரிசையாக நின்றன. ஆள் உயரத்துக்குப் புதராக வளரும், இலை சின்னதாக, அடியில் வெள்ளி பூசியது மாதிரி இருக்கும். பழம் புளிக்கும். முள்ளைப் பற்றிச் சொல்ல வேண்டாம், அவள் புறங்கையைப் பார்த்தாலே போதும். இத்தனைக்கும் அது பரம சாது. எதுவும் முளைக்காத மணலிலும் சரளையிலும் போய்க் குடியிருக்கும். அதன் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் உண்டு. அந்த முடிச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் உட்கார்ந்துகொண்டு, காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கிச் செடிக்குக் கொடுக்கும். செடி பதிலுக்குச் சோறு போடும். உர மூட்டையே வேண்டாம்.

பயறு வகைகளை விட்டால் மற்ற செடிகளெல்லாம் நுண்ணுயிர் வேருக்குள் நுழைந்தால் நோய் வந்துவிட்டதென்று அடித்து விரட்டும்போது, இது மட்டும் கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கிறதே, எப்படி? அதைக் கண்டுபிடிக்கத்தான் செடியின் மரபணு முழுவதையும் முதலிலிருந்து கடைசிவரை ஓர் எழுத்து விடாமல் படித்துவிட வேண்டும் என்று ஆய்வாளர் கிளம்பியிருந்தார். உரலக்காவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளைய பெண்மணி, கல்யாணம் காட்சி என்று எதிலும் மாட்டிக்கொள்ளாமல் இந்தச் செடியில் மாட்டிக்கொண்டவர். படித்து முடித்தால் ஒருநாள் தானியப் பயிருக்கும் இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்துவிடலாமாம். அந்த ஒருநாள் எப்போது வருமென்று அவர் சொல்லவில்லை. உரலக்காவும் கேட்டுக்கொள்ளவில்லை.

படிப்பது இயந்திரத்தின் வேலை. ஆனால் இயந்திரத்துக்கு டிஎன்ஏ நூல் நீளநீளமாக, அறுபடாமல், சுத்தமாக வேண்டும். இந்தச் செடியின் இலையோ ஒரே பிசின். கொஞ்சம் அசந்தால் குழாய்க்குள் பழுப்பு நிறத்தில் கோந்து நிற்கும், அதிலிருந்து நூலைப் பிரிப்பதற்குப் பதில் செருப்பு ஒட்டிக்கொள்ளலாம். அதனால் ஆய்வகத்தில் ஒரு முறை வைத்திருந்தார்கள். குளிர் முடிந்து தளிர் விடுகிற சில நாட்களில்தான் பிசின் குறைவாக இருக்கும். அப்போது செடிக்குத் தலையோடு கால் கறுப்புத் துணியைப் போர்த்திவிடுவார்கள். வெயில் படாமல் இருட்டில் கிடக்கும் இலை, சேர்த்துவைத்த மாவுச்சத்தையெல்லாம் தின்று தீர்த்து மெலிந்துவிடும். பிறகு துணியை எடுக்காமலே, ஓரத்தை மட்டும் தூக்கிக் கையை உள்ளே விட்டு, விரலால் தடவித் தடவித் தளிரைக் கிள்ள வேண்டும். வெளிச்சம் பட்டால் இலை மறுபடி சமைக்க ஆரம்பித்துவிடுமே என்று பயம். கிள்ளியதை உடனே திரவ நைட்ரஜனில் போட்டு, உறைந்து கண்ணாடி மாதிரி ஆனதும் உரலில் போட்டு இடிக்க வேண்டும். காற்றிலிருக்கும் நைட்ரஜனில் வயிறு வளர்க்கிற செடியை நைட்ரஜனை ஊற்றியே கொல்கிறோம் என்பது ஆய்வகத்தின் பழைய நகைச்சுவை. சிரித்துச் சிரித்து அது தேய்ந்து, இப்போது யாரும் சிரிப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. இலை எல்லாம் ஒரே செடியிலிருந்து வர வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் நின்றாலும் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு ஆள். இரண்டு பேருடைய எக்ஸ்ரேயை வெட்டி ஒட்டி ஒரே ஆளின் எலும்பு என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. அதிலும் இந்தச் செடியில் ஆண் தனி, பெண் தனி. பழம் காய்ப்பது பெண், மகரந்தம் தூவிவிட்டுச் சும்மா நிற்பது ஆண். நன்றாகக் காய்க்கிற பெண் செடி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கழுத்தில் தகரத் தகடு மாட்டி, அதற்குப் பெரியம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். பக்கத்தில் தகடு இல்லாமல் நின்ற ஆண் செடிக்கு, வேறென்ன, பெரியப்பாதான்.

பெரியம்மாவிடம் வருஷா வருஷம் தளிர் கிள்ளி, உரலக்கா இடித்துக்கொண்டேயிருந்தாள். கொஞ்சம் நூல் வரும், பாதி அறுந்து வரும், மிச்சம் கோந்தாகப் போகும். வந்தவரை சேர்த்துவைத்தார்கள். நடுவில் புதிய பிள்ளைகள் இருவர் இடித்துப் பார்த்தார்கள். ஆய்வாளரே கையுறை மாட்டிக்கொண்டு இடித்துப் பார்த்தார், பழுப்புக் கோந்துதான் மிஞ்சியது. இதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. அவள் அதிக நாள் இடித்திருக்கிறாள், அவ்வளவுதான். அதிக நாள் செய்த வேலை நம்மை விடாது.

அவள் விட்டுவிடத்தான் நினைத்தாள். விருப்ப ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்திருந்தாள். இயக்குநர் நல்லவர், ஆனால் எதையும் நேராகத் தரமாட்டார். செடி முடியட்டும், செடி முடிந்த அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்றார். அன்றிலிருந்து உரலக்காவின் மனதில் இருந்தது ஒரே ஆசை. ஊர் சுற்றுவதோ கோயில் குளம் போவதோ இல்லை. தூங்க வேண்டும். விடிந்த பிறகும், வெயில் ஜன்னலில் ஏறிய பிறகும், யாரும் எழுப்பாமல் தூங்க வேண்டும்.

இந்த நேரம் பார்த்துத்தான் அவள் கணவர் விழுந்தார். அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஆயுள் முழுக்க மாடி மாடியாக இருட்டுக் குழிக்குள் கம்பியைப் பிடித்துத் தொங்கியவர், ஒரு கீறல் விழுந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு சமையலறையில் பல்பு மாற்ற முக்காலியில் ஏறினார். முக்காலி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். இடுப்பெலும்பு முறிந்தது. சொல்லவே வெட்கமா இருக்கு என்று ஆம்புலன்ஸிலேயே புலம்பிக்கொண்டு வந்தார், வலியைவிட அதுதான் பெரிதாக இருந்தது அவருக்கு.

அறுவை சிகிச்சை நடந்த அந்த வாரம்தான் செடி தளிர்விட்டது. செடிக்கு நல்லது கெட்டது தெரியுமா? இந்த நாட்களை விட்டால் அடுத்த வருஷம்தான். உரலக்கா ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் நின்றுகொண்டு தோட்டக்காரருக்குப் போன் பண்ணினாள். அவர் அவளைவிட மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். வழக்கமாகப் போர்த்துவது அவள் வேலை. இந்த ஒருமுறை நீங்கள் போர்த்திவிடுங்கள், என்னால் வர முடியாது என்று கேட்டுக்கொண்டாள். அவரும், அதற்கென்ன, நான் பார்த்துக்கொள்கிறேன், மாப்பிள்ளையைக் கவனி என்றார்.

இலை மெலிந்திருக்கும் நாள் வந்தது. கணவரைக் கீழ்வீட்டு அம்மாவின் பொறுப்பில் விட்டுவிட்டு, கண் எரிய எரிய ஆய்வகத்துக்கு ஓடினாள். பின்பக்கம் கறுப்புத் துணி போர்த்தி ஒரு செடி நின்றது. ஓரத்தைத் தூக்கினாள், கையை விட்டாள், கிள்ளினாள். அன்று முள் அவ்வளவாகக் குத்தவில்லை. இத்தனை கஷ்டத்தில் இதாவது தயவு காட்டியதே என்று நினைத்துக்கொண்டாள். உரலில் இடித்து, குழாயில் ஊற்றி, கடைசியில் எரிசாராயத்தை ஊற்றியபோது வெள்ளை வெளேரென்று நூல் திரண்டு வந்தது. இவ்வளவு வருஷத்தில் அப்படி ஒரு நூலை அவள் கண்டதில்லை. ஆய்வாளர் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். வலிக்கிற தோள்தான், ஆனாலும் சொல்லவில்லை. சீக்கிரம் முடிந்துவிட்டது, சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரி போய்விடலாம் என்பதுதான் அவளுக்குப் பெரிய சந்தோஷம்.

அந்த நூலை இயந்திரம் படித்தது. பழைய வருஷத்து நூல்களோடு கணினி சேர்த்துத் தைத்தது. கோடை போய்ச் செடிகளில் பழம் தொங்கத் தொடங்கியபோது ஆய்வகத்தில் ஒரே பரபரப்பு. பெரியம்மாவுக்குள் ஆண் செடிக்கே உரிய மரபணுப் பகுதி இருக்கிறதாம். காய்க்கிற பெண் செடியில் ஆண் பகுதி! உலகத்தில் யாரும் பார்க்காதது என்று இயக்குநர் பூரித்துப் போனார். ஆய்வாளர் இன்னொரு முறை சரிபார்க்கலாமே என்று இழுத்ததைக் காதில் போட்டுக்கொள்ளாமல், பெரிய கூடத்தில் ஒரு நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்து, வெளியூர் ஆட்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார். அதே மேடையில் உரலக்காவுக்கும் ஒரு பூங்கொத்து, மறுநாள் ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்து என்று முடிவானது. அவள் வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றவர், அப்ப இனிமே நீ வீட்லதான என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். பகல் முழுக்கத் தனியாகக் கிடப்பது அவருக்குப் பயமாக இருந்தது. குளியலறைக்குப் போக வேண்டியிருந்தால்கூட, அவள் வரும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதை அவரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. ஆனால் இருவருக்கும் தெரியும்.

நிகழ்ச்சிக்குச் சில நாட்கள் இருக்கும்போது, மதியத்தில் உரலக்கா தேநீர்க் குவளையோடு தோட்டக்காரரின் சாமான் அறைப் பக்கம் போனாள். வேலையை விட்டுப் போகிறோம், மனுஷரிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்வோம் என்றுதான் போனாள். அவர் மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டே பழைய கதையெல்லாம் பேசினார். அவர் கதை சொல்ல ஆரம்பித்தால் எளிதில் முடியாது. அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் அது வந்தது.

"நீ போன் பண்ணின அன்னைக்குத் துணிய எடுத்துட்டுப் போறேன், தகடு மாட்டின செடில குளவி கூடு கட்டியிருக்கு. கிளைய அசைச்சதுதான் தாமதம், உதட்டுல போட்டுச்சு பாரு. ரெண்டு நாள் கண்ணாடியே பாக்கல நான்."

உரலக்கா சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள்.

"அப்புறம் எப்படிண்ணே மூடினீங்க?"

"அத எங்க மூடறது? பக்கத்துல நிக்கறத மூடிட்டேன். எல்லாம் ஒரே முள்ளுதான? மறுநாள் உன்கிட்ட சொல்லலாம்னா மூஞ்சி வீங்கிப்போய் லீவு போட்டுட்டேன். நீ பாத்துருப்பேல்ல, தெரிஞ்சிருக்கும்னு விட்டுட்டேன்."

அவள் பார்க்கவில்லை. துணியைத்தான் பார்த்தாள். கறுப்புத் துணி எதன்மேல் இருக்கிறதோ அதுதான் பெரியம்மா. இத்தனை வருஷம் அப்படித்தான் இருந்தது, ஏனென்றால் இத்தனை வருஷமும் போர்த்தியது அவளே. உள்ளே கைவிட்டுத் தடவியபோது கழுத்துத் தகடு தட்டுப்படவில்லையே என்று ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். பூமொட்டின் தடிமனை விரலில் உருட்டியிருந்தாலே ஆணென்று தெரிந்திருக்கும். அன்று அவள் விரல்தான் செடியில் இருந்தது. மனசு ஆஸ்பத்திரியில் இருந்தது.

தேநீரைக் குடிக்காமலே ஊற்றிவிட்டுச் செடிகளிடம் போனாள். பெரியம்மா பழம் பிடித்து ஆரஞ்சு நிறத்தில் நின்றது. பெரியப்பாவிடம் இலையைத் தவிர ஒன்றுமில்லை. பெண் செடிக்குள் ஆண் பகுதியாம், உலகத்தில் யாரும் பார்க்காததாம். பார்க்காததுதான், ஏனென்றால் அப்படி ஒன்று இல்லவே இல்லை. இருந்ததெல்லாம் இரண்டு செடிகளை வெட்டி ஒட்டிய ஒரு எக்ஸ்ரே.

அன்றும் மறுநாளும் அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இதை நான் மறைக்கப் போவதில்லை, அவள் சொல்லாமல் போய்விடத்தான் பார்த்தாள். பேருந்தில் உட்கார்ந்து தனக்குத்தானே வழக்காடினாள். யாருக்கு என்ன நஷ்டம்? செடிக்கு நஷ்டமா? இரண்டும் ஒரே சாதிச் செடிதானே? எவனாவது ஒருநாள் கண்டுபிடிப்பான், திருத்திக்கொள்வான், அதற்குத்தானே இத்தனை பேர் படித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சொன்னால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். அடுத்த தளிர் விடும்வரை காத்திருக்க வேண்டும். மறுபடி துணி, மறுபடி முள், மறுபடி உரல். இடிக்க யார் இருக்கிறார்கள்? சொல்லுகிற வாயும் அவளுடையது, இடிக்கப்போகிற தோளும் அவளுடையது. இன்னும் ஒரு வருஷம் என்று நினைத்தபோதே, பேருந்தில் அத்தனை பேர் நடுவில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அழுகை துக்கத்தால் வரவில்லை, அலுப்பால் வந்தது. அது எல்லாவற்றையும்விட மோசம்.

ஆனாலும் அவளால் முடியவில்லை. இதில் பெரிய தர்ம நியாயம் எதுவும் இல்லை. தூங்கத்தானே ஓய்வு கேட்டாள்? இதை உள்ளே வைத்துக்கொண்டு படுத்தால் தூக்கம் வராது என்று தெரிந்துபோயிற்று. படுத்துப் பார்த்தாள், வரவில்லை. அப்புறம் ஓய்வை வாங்கி என்ன செய்வது?

மூன்றாம் நாள் காலை ஆய்வாளரின் அறைக்குப் போனாள். சின்ன அறை. ஜன்னல் ஓரம் காய்ந்த கிளைகள், மேசைமேல் கழுவாத குவளைகள். ஆய்வாளர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வராது என்று உரலக்கா நின்றபடியே சொன்னாள்.

"மேடம், இந்த வருஷம் நான் கிள்ளினது பெரியம்மா இலை இல்ல. பெரியப்பாவோடது. துணி மாறிப்போச்சு, நான் பாக்காம கிள்ளிட்டேன்."

ஆய்வாளர் அதிர்ச்சியடையவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தெரியும்க்கா. பழைய நூலையும் புதுசையும் தனித்தனியா வச்சுப் பாத்தேன். ரெண்டும் ஒரே செடியே இல்ல. பாத்து ஒரு வாரமாச்சு."

பிறகு முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டார். "யாராவது வந்து சொல்லிடுவாங்களோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். நீங்க வரக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்."

"நானும் வரக் கூடாதுன்னுதான் பாத்தேன்," என்றாள் உரலக்கா.

அந்த அறையில் யார் அதிகம் களைத்தவர் என்று போட்டி வைத்திருந்தால் முடிவு சொல்வது கஷ்டமாக இருந்திருக்கும். ஆய்வாளரின் வேலையும் வருஷா வருஷம் நீட்டிக்கப்படுகிற வேலைதான், அவருக்கும் இந்தச் செடி முடிந்தாக வேண்டும். பெரியப்பாவை வைத்தே ஒப்பேற்ற முடியாதா என்று உரலக்கா கேட்டாள். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டதாகவும், இந்த ஒரு வருஷத்து நூல் மட்டும் பாதிக்கும் காணாது என்றும், எந்தச் செடியை எடுத்தாலும் அடுத்த தளிருக்குக் காத்திருக்கத்தான் வேண்டும் என்றும் ஆய்வாளர் சொன்னார். துணி எப்படி மாறியது, போர்த்தியது யார் என்று கேட்டார். போர்த்தியது யாராக இருந்தால் என்ன, கிள்ளியது என் கைதான் என்று உரலக்கா அதோடு முடித்துக்கொண்டாள். அவள் சொன்ன விதத்திலேயே ஆய்வாளருக்குப் புரிந்திருக்க வேண்டும், மேற்கொண்டு தோண்டவில்லை.

நீங்கள் போய்விடுங்கள், உங்களுக்குப் பேசியது பேசியதுதான், நான் இடிக்கக் கற்றுக்கொள்கிறேன் என்றார் ஆய்வாளர். நல்ல மனசோடுதான் சொன்னார். உரலக்கா அவர் கையைப் பார்த்தாள். அந்தக் கை இடித்த பழுப்புக் கோந்தும் ஞாபகம் வந்தது.

"வேணாம் மேடம். வர்ற தளிருக்கு நானே போத்தறேன், நானே இடிக்கிறேன்," என்றாள். சொன்ன மறு நிமிஷமே தன்மேல் அப்படி ஒரு எரிச்சல் வந்தது. இவளை யார் கேட்டது? வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் சொன்னது சொன்னதாகிவிட்டது.

இயக்குநரிடம் இருவரும் சேர்ந்தே போனார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார். கத்தவில்லை. கூடத்துக்குக் கொடுத்த முன்பணம் திரும்பி வருமா என்று மட்டும் யாரையோ போனில் விசாரித்தார். ஓய்வுக் கடிதத்தை மேசை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டு, செடி முடியட்டும் என்றார். அவரிடம் வேறு வாக்கியம் கிடையாது.

வீட்டுக்கு வந்துசேர்ந்தபோது வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. கணவர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் வாக்கரை எடுத்துக்கொண்டு நேராகக் குளியலறைக்குப் போனார். அவ்வளவு நேரம் அவள் வரட்டும் என்று காத்திருந்திருக்கிறார். திரும்பி வந்து உட்கார்ந்ததும், மேடையில் என்ன புடவை கட்டிக்கொள்ளப் போகிறாய் என்று கேட்டார். உரலக்கா சமையலறையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். நிகழ்ச்சி இல்லை, கையெழுத்தும் இல்லை, இன்னும் ஒரு வருஷம்.

அவர் வாக்கரின் கைப்பிடியில் உரிந்திருந்த ரப்பரைக் கொஞ்ச நேரம் நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று அவள் நினைத்தாள். கோபப்பட்டிருந்தால் பதில் சொல்வது சுலபம். அவர் கேட்டது வேறு.

"அந்த இலைய நீ எப்பக் கிள்ளின? எனக்கு ஆபரேஷன் ஆன வாரமா?"

அவள் குக்கரின் மூடியைத் துடைத்தாள், ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"நான் விழாம இருந்திருந்தா நீயே போய் மூடியிருப்ப," என்றார் அவர். "என்னாலதான எல்லாம்."

விழுந்த நாளிலிருந்து அவருக்குள் ஓடிக்கொண்டிருந்த பேச்சு அதுதான். எழுந்தால் என்னால், உட்கார்ந்தால் என்னால், நீ களைத்துப்போவது என்னால். மருந்துச் சீட்டில் அதற்கு மருந்து எழுதியிருக்கவில்லை. உரலக்கா மூடியை வைத்துவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"உங்களுக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்? எல்லாம் அந்தத் தோட்டக்காரர் பண்ணின வேலை. இந்தச் செடின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். வேற செடிய மூடிவச்சுட்டு, வாயத் தொறக்காம லீவு போட்டுட்டுப் போயிட்டார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீ ஆஸ்பத்திரி வராண்டால நின்னு யாருக்கோ போன் பண்ணின மாதிரி ஞாபகம்."

"மயக்கத்துல இருந்தீங்க. அது கீழ்வீட்டம்மாவுக்கு. தோட்டக்காரர்கிட்ட நான் நீங்க விழறதுக்கு முன்னாடியே நேர்ல சொல்லியாச்சு."

அவர் அதை நம்பினாரா, நம்ப விரும்பினாரா, அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் முகத்தில் மெல்ல மெல்ல ரத்தம் ஊறியது. ஒரு செடியை அடையாளம் தெரியாதவனெல்லாம் எதற்குத் தோட்டக்காரன் என்று ஆரம்பித்தார். லிஃப்ட் வேலையில் இப்படி ஒருத்தன் இருந்திருந்தால் எத்தனை பேர் உயிர் போயிருக்கும் என்றார். தட்டு வைத்ததும் வாக்கர் இல்லாமல் மேசையைப் பிடித்துக்கொண்டே நகர்ந்து வந்து உட்கார்ந்தார், அதை அவரே கவனிக்கவில்லை. கைகழுவும்போது திட்டினார், சாப்பிடும்போது திட்டினார், முகம் தெரியாத அந்த மனுஷரை வம்சத்தோடு இழுத்து வைத்துத் திட்டினார். இவ்வளவு உற்சாகமாக அவர் பேசி எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. உரலக்கா ஒவ்வொன்றுக்கும், ஆமாங்க, அதானே, சரியாச் சொன்னீங்க என்று தாளம் போட்டபடி இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

பாவம் தோட்டக்காரர். காலையில் அவர் பெயரையே வெளியில் விடாமல் காப்பாற்றியவள், சாயங்காலம் அவரைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம்கூட உறுத்தல் இல்லை. அன்றைக்குச் சொல்ல வேண்டிய உண்மையை எல்லாம் அவள் ஆய்வகத்திலேயே சொல்லித் தீர்த்துவிட்டிருந்தாள்.